மூன்றாவது சாக்கு

தென்காசி,
14-2-1937

அன்புள்ள அண்ணனுக்கு முருகம்மாள் வணக்கம். விடுதியில் நான் சுகம். அச்சன்புதூரில் அம்மாவும் சுகம் என்று போன வாரம் வண்டியில் வந்த அப்பா சொன்னார். பொங்கல் லீவு முடிந்து நீங்கள் ரயில் ஏறும்போது இருந்த இருமல் விட்டதா? பெங்களூர்க் குளிரில் காதைக் கட்டிக்கொள்ளுங்கள். பட்டாளத்துக்காரர் என்பதற்காகக் குளிர் சும்மா விடாது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஞானபாக்கியம் என்று புது டிரில் டீச்சர் வந்திருக்கிறார். சென்னப்பட்டணத்தில் விளையாட்டுக்கென்றே படித்தவர். இத்தனை நாள் நாங்கள் கையைத் தூக்கித் தூக்கி இறக்கியதெல்லாம் டிரில்லே இல்லையாம். பேஸ்பால் என்று ஒரு அமெரிக்கா விளையாட்டைச் சொல்லித்தருகிறார். பெண்பிள்ளைகளுக்காகப் பந்து பெரிதாகவும் மெத்தென்றும் இருக்கும். ஒருத்தி பந்தை எறிவாள். இன்னொருத்தி அதை மட்டையால் அடித்துவிட்டு ஓடுவாள். நாலு மூலையில் நாலு சாக்குக் கிடக்கும். ஒவ்வொன்றாக மிதித்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். நடுவழியில் பந்தை வைத்து நம்மைத் தொட்டுவிட்டால் அவுட். சாக்கின் மேல் நிற்கிறவளைத் தொட முடியாது.

அந்தச் சாக்குக்குப் பள்ளிக்கூடத்தில் வழியில்லை என்று தெரிந்ததும் நான்தான் வாயைக் கொடுத்தேன். நம் வீட்டுப் பழைய விதைநெல் சாக்கு நாலில் பதரைத் திணித்துத் தைத்து அப்பா கொண்டுவந்து இறக்கினார். டீச்சர் அவருக்குக் காப்பி கொடுத்தார். அப்பா அதை நின்றுகொண்டே குடித்தார்.

ஓட்டத்தில் என்னை முந்த இங்கே ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பந்து எறிகிற ராபியாவே சொல்லுகிறாள். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அவுட் ஆகிறவளும் நான்தான். சாக்குப் பக்கத்தில் வந்ததும் கால் தானாக அடங்கிவிடுகிறது. "ஏட்டி, காத்தாப் பறந்து வாரே, சாக்கைக் கண்டதும் மாமியார் வீட்டு வாசல்ல நிக்கவ மாதிரி தயங்குதியே" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளுகிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வருகிறது. நீங்கள் பட்டாளத்து ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவர். வழி சொல்லுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். இந்த வருஷப் பரீட்சையோடு என்னை நிறுத்தி, ஆவணியில் யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடலாம் என்று அப்பா பேசுகிறார். நான் மேலே படிக்க வேண்டும் என்று அழுதேன். "பெரியவன் படிக்கட்டும்னு ஒரு வரி எழுதட்டும். எழுதுனான்னா நான் குறுக்க நிக்கல" என்றார். ஒரு வரிதான் அண்ணே. எழுதிவிடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
முருகம்மாள்


பெங்களூர்,
24-2-1937

முருகன் துணை.

அன்புத் தங்கை முருகம்மாளுக்கு அண்ணன் சிவனணைந்தபெருமாள் எழுதிக்கொண்டது. நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. அப்பா அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். உன்னுடைய கோளாறு என்ன என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்துவிட்டது. நீ சாக்கைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறாய். அது தப்பு. ஓடுகிறவன் முடிகிற இடத்தைப் பார்க்கக் கூடாது. அதற்கு அப்பால் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறியாக வைத்து அங்கே போகிற மாதிரி ஓட வேண்டும். சாக்கு தானாகக் காலில் வரும். போன வருஷம் நானூற்று நாற்பது கஜ ஓட்டத்தில் நான் அப்படி ஓடித்தான் மூன்றாவதாக வந்தேன். மற்ற இரண்டு பேரும் பஞ்சாபிகள். கையை மார்புக்குக் குறுக்கே வீசாதே. வாயை மூடிக்கொண்டு ஓடு. தினமும் காலையில் கேழ்வரகுக் கஞ்சி குடி.

எங்கள் பட்டாள லைனில் என் பக்கத்துக் கட்டிலில் சுரண்டைக்காரன் ஒருவன் இருக்கிறான். குற்றாலிங்கம் என்று பெயர். நல்ல பையன். உன் கடிதத்தை அவனுக்கும் வாசித்துக் காட்டினேன். உன் ஓட்டத்தைப் பற்றி நிறையக் கேட்டான்.

அப்பா விஷயமாகப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

உன் நலம் நாடும்,
சி. ந. சிவனணைந்தபெருமாள்


தென்காசி,
15-3-1937

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சுகமில்லாதவர்களால் இவ்வளவு புத்திமதி எழுத முடியாது.

நீங்கள் சொன்னபடியே மைதானத்துக்கு அப்பால் நின்ற புளியமரத்தைக் குறிவைத்து ஓடினேன். முதல் சாக்கில் அது சரிதான், அதை மிதித்துவிட்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நேரே ஓடலாம். இரண்டாவது சாக்கிலும் மூன்றாவது சாக்கிலும் அப்படித் தாண்டி ஓடினால் பந்தோடு வந்து தொட்டுவிடுவார்கள். அங்கே ஓட்டத்தோடு சாக்கின் உள்மூலையை மிதித்து அப்படியே வளைய வேண்டும். நான் புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தால் மொத்தப் பள்ளிக்கூடமும் சிரிக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தென்காசியில் ஒருத்தியை அவுட் ஆக்க உங்களால்தான் முடியும்.

என் கால் ஏன் அடங்குகிறது என்று எனக்குத் தெரியும். டீச்சரிடம் சொல்லத்தான் வெட்கம். அது நம் வீட்டு விதைநெல் சாக்கு அண்ணே. அப்பா தார் வைத்துப் போட்ட அடையாளம் அப்படியே இருக்கிறது. முளைகட்டுகிற நேரத்தில் அந்தச் சாக்குக்கு அம்மா சூடம் காட்டுவாள். தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் எப்படி ஓங்கி மிதிப்பேன்? உள்ளே பதர்தான் என்று மனசுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. போன புதன்கிழமை ஒரு சாக்கை மிதித்துவிட்டுக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்குள் பந்து வந்துவிட்டது.

ராபியா கண்டுபிடித்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தால், தன் பழைய தாவணியைக் கிழித்து நாலு சாக்குக்கும் வெள்ளை உறை தைத்துவிட்டாள். "இப்ப இது மெத்தை. மிதி" என்றாள். அண்ணே, அன்று சாயங்காலம் யாராலும் என்னைத் தொட முடியவில்லை!

அப்பாவுக்கு எழுதினீர்களா? "பிறகு" என்றால் எப்போது?

முருகம்மாள்


பெங்களூர்,
9-4-1937

முருகன் துணை.

அன்புத் தங்கைக்கு, நான் சுகம். அங்கு எல்லோர் சுகத்துக்கும் எழுதவும். பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய்.

உறை போட்டது நல்ல யோசனை. என்றாலும் வெறுங்காலோடு ஓடினால் வேகம் கிடைக்காது. ஆகையால் பார்சலில் கான்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். குற்றாலிங்கம்தான் கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தான். வளைகிற இடத்தில் உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும். சைக்கிளில் திரும்புகிற மாதிரி என்று வைத்துக்கொள். நீ சைக்கிள் ஓட்டியதில்லை, ஆனாலும் பார்த்திருப்பாய். மூச்சை ஒரே சீராக விட வேண்டும்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. நிறைய மோர் குடி.

உன் நலம் நாடும்,
சிவனணைந்தபெருமாள்


அச்சன்புதூர்,
6-5-1937

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு அப்பா, அம்மா, நான், மயிலைப் பசு உட்பட எல்லோரும் சுகம். பசு ஈன்றிருக்கிறது. கிடாரிக் கன்று.

சப்பாத்து வந்தது. அளவு சரியாக இருக்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். என் கால் அளவு சுரண்டைக்காரர் ஒருவருக்கு எப்படித் தெரியும்? பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் என் கால்தடத்தை அளந்துகொண்டு போனீர்களா? வெறுங்காலாலேயே நெல்சாக்கை மிதிக்க முடியாமல் தவிக்கிறவளுக்குச் சப்பாத்து வாங்கி அனுப்பியிருக்கிறீர்கள். பரணில் இருக்கிறது.

பரீட்சையில் தேறிவிட்டேன். லீவிலும் ஓடிப் பழகுகிறேன். வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, குறுக்கே எப்படி வேண்டுமானாலும் ஓடலாம். ஆனாலும் என் கால் வரப்பு மேலேயே போகிறது. மூலை வந்ததும் நின்று, சதுரமாகத் திரும்பி, மறுபடி ஓடுகிறேன். பயிரில் கால் வைக்காமல் ஓடிப் பழகிய கால். வளைந்து ஓடச் சொன்னால் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடமே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தபால்காரர் வரும்போதெல்லாம் அப்பா வாசலுக்குப் போகிறார். எனக்கு மட்டும் கடிதம் வருகிறது என்று தெரிந்ததும் உள்ளே வந்துவிடுகிறார். "அவன் எழுதுக வரைக்கும் பள்ளியோடம் போகட்டும்" என்று ஜூனில் விடுவதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் அம்மா பேசியதால்.

இந்த விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சாக்கில் ஒருத்திதான் நிற்கலாம். பின்னால் அடித்தவள் ஓடி வந்துகொண்டிருந்தால் முன்னால் நிற்கிறவள் அடுத்த சாக்குக்கு ஓடியே ஆக வேண்டும். பயந்துகொண்டு நின்றால் அவுட். நீங்கள் ஏன் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள்? எழுத மனசில்லை என்றால் மனசில்லை என்றாவது எழுதுங்கள்.

முருகம்மாள்


(தபால் கார்டு)

பெங்களூர்,
11-6-1937

அன்புத் தங்கைக்கு, சுகம். பாலம் கட்டுகிற பயிற்சிக்காக வெளியூர் போகிறோம். எழுத நேரமில்லை. கன்று ஈன்றது பற்றி மகிழ்ச்சி. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதா? வளைகிறபோது சாய்வதை மறக்காதே.

சிவனணைந்தபெருமாள்


தென்காசி,
25-7-1937

அண்ணனுக்கு, சுகம். உங்கள் சுகத்தைப் பற்றிக் கேட்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன், எழுதுங்கள்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை குற்றாலத்தில் எங்களுக்கும் திருநெல்வேலியிலிருந்து வந்த பெண்கள் பள்ளிக்கும் ஆட்டம். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு பங்களாவுக்கு முன்னால் இருக்கிற புல்வெளியில்தான் ஆட்டம். சீசனுக்குக் குளிக்க வந்தவர்களெல்லாம் ஈரத் தலையோடு சுற்றி நின்றார்கள். பழகுவதற்காக ஒரு வாரம் முந்தியே சாக்குகளைக் கொண்டுபோய் அங்கே போட்டிருந்தோம். வாரம் முழுக்கச் சாரல். பூப் போட்ட மாதிரி விழுந்துகொண்டே இருந்தது.

நடுவராக நின்ற வெள்ளைக்காரத் துரைசாணி அம்மா, ஈரத்தில் துணி வழுக்கும், உறையை எல்லாம் கழற்றுங்கள் என்றார். கழற்றினோம். உங்களுக்கே தெரிந்திருக்கும் அண்ணே. அப்பா திணித்த பதரில் நல்ல நெல்லும் கலந்திருந்திருக்கிறது. நாலு சாக்கும் முளைத்திருந்தது. சணலைக் குத்திக்கொண்டு வெளிர்பச்சையாக முளை. திருநெல்வேலிப் பிள்ளைகள் "அய்ய, புல்லு" என்றார்கள்.

முதல் சாக்கையும் இரண்டாவது சாக்கையும் எல்லோரும் மிதித்து மிதித்து ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவை கூழாகிவிட்டன. மூன்றாவது சாக்கு வரைக்கும் அவர்களில் ஒருத்திதான் வந்தாள், அவளும் ஓரத்தை மிதித்துவிட்டுப் போய்விட்டாள். அதில் மட்டும் பயிர் அப்படியே நின்றது.

அவர்களுக்கு ஒரு ஓட்டம் கூட. கடைசியாக மட்டை பிடிக்கிற முறை எங்களுடையது, இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. நான் முதல் சாக்கில் நிற்கிறேன். என் ஓட்டம் சேர்ந்தால் சமம். ராபியா அடித்த பந்து பங்களாக் கிணறு வரைக்கும் போய்விட்டது. ஓடினேன் அண்ணே. அப்படி நான் ஓடியதே இல்லை. இரண்டாவது சாக்கில் உள்மூலையை மிதித்துச் சாய்ந்து வளைந்தேன், நீங்கள் சொன்ன சைக்கிள் மாதிரி. மூன்றாவது சாக்கு வந்தது. பச்சை கண்ணில் பட்டது. என் கால் என்னைக் கேட்கவில்லை. ஒரே தாவாகத் தாவிவிட்டேன். வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போய்க் கடைசிச் சாக்கில் நின்றேன். கைதட்டல். டீச்சர் ஓடி வந்து என்னைத் தூக்கினார்.

அப்போது அவர்களில் ஒருத்தி அமைதியாகப் பந்தை வாங்கிக்கொண்டு போய் மூன்றாவது சாக்கின் மேல் நின்று கையைத் தூக்கினாள். மிதிக்காமல் தாண்டினால் அந்த ஓட்டம் செல்லாது. துரைசாணி அம்மாவும் பார்த்திருக்கிறார். அவுட். தோற்றுவிட்டோம். "மிதிக்கத்தானட்டி அதைப் போட்டிருக்கு" என்று டீச்சர் கத்தினார். ராபியா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இதுவரைக்கும் என் தப்பு. இனிமேல் உங்களுடையது.

நேற்று அம்மா விடுதிக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சுரண்டையிலிருந்து சங்கரவடிவு என்று ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தாளாம். உங்கள் பக்கத்துக் கட்டில் குற்றாலிங்கத்தின் தாயார். அருவியில் குளிக்க வருகிற மாதிரி வந்து, அன்றைக்குக் கூட்டத்தில் நின்று என்னைப் பெண் பார்த்திருக்கிறாள். என்னைப் பற்றி என்ன சொன்னாள் தெரியுமா? "ஊரே மிதிக்கு, துரைசாணி மிதிக்கா, இந்தப் பிள்ளை மட்டும் பயிரத் தாண்டிக் குதிச்சா பாருங்க. இப்படி ஒரு பிள்ளைதான் எங்க வீட்டுக்கு வேணும்." எந்தக் குதியால் நான் தோற்றேனோ, அந்தக் குதிக்காகவே என்னைக் கேட்டு வந்திருக்கிறாள்!

"பெரியவன் பொங்கலுக்கே வாக்குக் குடுத்திட்டானாம்லா, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று அம்மா உங்களைச் செல்லமாகக் குறைசொன்னாள். பொங்கலுக்கே. அப்படியானால் பிப்ரவரியில் நான் கேட்டபோதே உங்களுக்குத் தெரியும். மரத்தைப் பார்த்து ஓடு, வாயை மூடிக்கொண்டு ஓடு, மோர் குடி. இவ்வளவும் எழுதக் கை வந்தது. அந்த ஒன்று மட்டும் வரவில்லை. சப்பாத்து யாருடைய காசில் வாங்கியது?

முருகம்மாள்


பெங்களூர்,
31-7-1937

முருகன் துணை.

அன்புத் தங்கை முருகம்மாளுக்கு அண்ணன் எழுதுவது. சுகம்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். முதலில் ஒன்று சொல்லுகிறேன். அந்தச் சாக்கை நானும் மிதித்திருக்க மாட்டேன். பட்டாளத்தில் இத்தனை வருஷம் கழித்தும் மிதித்திருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். பொங்கல் லீவில் வரும்போது சுரண்டையில் அவன் வீட்டில் இறங்கிச் சாப்பிட்டேன். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். "தங்கச்சி இருக்காளாமே, எங்களுக்குத் தாங்களேன்" என்றாள். வாய் நிறையச் சோறு. "அதுக்கென்ன, தந்தாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பிறகு உன் கடிதம் வந்தது. அவன் என் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி ஊற்றியவன். ராத்திரி பகல் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டு இல்லை என்று எப்படிச் சொல்லுவேன் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். அவன் கெட்டவன் இல்லை. சப்பாத்துக்குப் பாதி அவன் கொடுத்தான்.

இந்த வாரம் எப்படியும் அவனிடம் பேசிவிடப் பார்க்கிறேன். நீ மனதை அலட்டிக்கொள்ளாதே. அடுத்த ஆட்டம் எப்போது?

உன் நலம் நாடும்,
சிவனணைந்தபெருமாள்


தென்காசி,
6-8-1937

அண்ணனுக்கு, சுகம்.

அடுத்த ஆட்டம் பதினாலாம் தேதி, அதே இடத்தில். சங்கரவடிவு அம்மாள் இந்த முறை ஒளிந்து வரவில்லை. அப்பாவையும் அழைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காரப் போகிறாள். ஆவணி பிறந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு. பரிசம் போட்ட பிறகு விடுதியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

குற்றாலிங்கத்தை நான் குறை சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியவே தெரியாது. எனக்குப் படிக்க வேண்டும், ஓட வேண்டும். டீச்சர் மாதிரி சென்னைக்குப் போய் இதையே படிக்க வேண்டும். இதைக் கேட்பது இத்தனை பெரிய தப்பா?

"பேசிவிடப் பார்க்கிறேன்" என்பது ஒரு வார்த்தையா? பதிமூன்றாம் தேதிக்குள் அப்பாவுக்கு உங்கள் வரி வர வேண்டும். இதற்கு மேல் நான் கேட்க மாட்டேன்.

முருகம்மாள்


பெங்களூர்,
16-8-1937

முருகன் துணை.

அன்புத் தங்கை முருகம்மாளுக்கு அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகமாக இருக்க முருகன் அருள் செய்யட்டும்.

சொல்லிவிட்டேன் அம்மா! நேற்றுச் சாயங்காலம் குற்றாலிங்கம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சி படிக்கணும்னு ஆசைப்படுதா, கலியாணம் இப்ப வேண்டாம்னு சொல்லுதா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவன் பிரஷைக் கீழே வைத்தான். என்ன சொன்னான் தெரியுமா? "இதை முன்னமே சொல்லக் கூடாதாடே? எங்கம்மாகிட்ட அப்பவே வேற எடம் பாக்கச் சொல்லிருப்பேன்லா" என்றான். பிறகு மறு பூட்ஸை எடுத்துக்கொண்டான். ஆறு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லாமல் செய்த விஷயம் இவ்வளவுதான்.

இந்தத் தபாலிலேயே அப்பாவுக்கும் எழுதியிருக்கிறேன். "முருகம்மாள் படிக்கட்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். குற்றாலிங்கமும் அவன் அம்மாவுக்கு எழுதிவிட்டான். இப்போதாவது அண்ணன் மேல் கோபம் போயிற்றா?

ஆட்டம் என்ன ஆயிற்று? மறுபடியும் தாண்டிவிட்டாயா?

உன் நலம் நாடும்,
சிவனணைந்தபெருமாள்


அச்சன்புதூர்,
22-8-1937

அன்புள்ள அண்ணனுக்கு முருகம்மாள் வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். கன்று நன்றாக ஓடுகிறது.

ஆட்டத்தில் ஜெயித்தோம்.

சாக்குகள் ஒரு மாதமாகப் பங்களாத் தாழ்வாரத்தின் ஓரத்தில் சாரலில் கிடந்திருக்கின்றன. மூன்றாவது சாக்கில் பயிர் ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. நல்ல பச்சை. பிடுங்கி நடலாம் போல இருந்தது. டீச்சர் புதுச் சாக்குக்குச் சொல்லி அனுப்பியும் வரவில்லை, அதையே கொண்டுபோய்ப் போட்டார்கள். அதற்கு நேரே குடை பிடித்துக்கொண்டு சங்கரவடிவு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பா, வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு. பதிமூன்றாம் தேதித் தபாலில் உங்கள் கடிதம் இல்லை என்று அப்பா வந்ததும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜூனில் விடுதிக்கு வரும்போதே உங்கள் சப்பாத்தைப் பரணிலிருந்து எடுத்து வந்திருந்தேன். போட்டும் கொண்டேன். பிறகு கழற்றிவிட்டேன். மிதிப்பதென்றால் வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும் என்று பட்டது.

முதல் சாக்கு, இரண்டாவது சாக்கு. வளைந்தேன். இந்த முறை கால் என்னைக் கேட்டது, அண்ணே. கேட்டுவிட்டுத்தான் போயிற்று. நான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வலது குதிகால் பதிய மிதித்தேன். பயிர் சடசடவென்று ஒடிகிறது காலுக்குத் தெரிந்தது. மிதித்துவிட்டுக் குனியவில்லை, கண்ணில் ஒற்றவில்லை. ஓடிப் போய்விட்டேன். எல்லோரும் கத்தினார்கள். ராபியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சங்கரவடிவு அம்மாள் எழுந்து குடையை மடக்கினாள். "அண்ணாச்சி, அன்னைக்குத் தாண்டுனது தெரியாமத் தாண்டுனது போல. பயிர மிதிக்க காலு எங்க வாசல்ல மிதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்பா தலை குனிந்து நின்றார். அத்தனை பேருக்கு நடுவில், வெள்ளை வேட்டியோடு.

என்னை அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது கேட்டார். "ஏட்டி, தெரிஞ்சா மிதிச்சே?" ஆமாம் என்றேன். மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

பத்தொன்பதாம் தேதி அப்பாவுக்கு உங்கள் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். "முருகம்மாள் படிக்கட்டும்" என்று நானே என் வாயால் வாசித்தேன். அப்பா மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "பாவிப்பய, இதப் போன வாரம் எழுதிருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நாளைக்கு அவரே என்னை விடுதியில் கொண்டுபோய் விடுகிறார்.

விடுதிக்கு நீங்கள் எனக்கு எழுதியதை ராபியா அனுப்பிவைத்தாள். உங்கள் மேல் கோபமா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நான் மூன்றாவது சாக்குக்குத் திரும்பிப் போனேன். ஒடிந்ததை எல்லாம் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அப்போதுதான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டில் அம்மா விளக்கு ஏற்றும்போது என் வலதுகாலை மடக்கிப் பாவாடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளுகிறேன்.

நான் கேட்டது ஒரு வரிதான், அண்ணே. நீங்கள் அதை எழுதியிருந்தால் நான் அந்தப் பயிரை மிதித்திருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
முருகம்மாள்